விரிப்பின் மறுமுனை

பெரியவள் திரும்பி வந்திருக்கிறாள் என்று என் மனைவி சொன்னபோது, நான் முதலில் கேட்டது, "கை கொடுத்தாளா?" என்றுதான்.

பெரியவள் எங்கள் மகள். பதினான்கு வயதில் செத்துப்போனாள், அது ஆகி ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும் உட்கார்ந்து அழுதிருப்பான், இல்லையென்றால் பெண்டாட்டியை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பான். ஆனால் நாங்கள் இருக்கும் சபையில் இப்படி ஒரு பேச்சு வந்தால் இந்தக் கேள்விதான் முதலில் வாயில் வரும்.

எங்கள் சபைக்குப் பிற்காலப் பரிசுத்தவான்கள் என்று பெயர். அது நீளமாக இருப்பதால் மார்மன்காரர்கள் என்று சொல்லிவிடுவார்கள். கிறிஸ்துவின் ஆதி போதனை உலகத்தை விட்டுப் போய்விட்டது, பிறகு தேவதூதர்கள் நேரில் வந்து அதைத் திரும்பக் கொடுத்தார்கள் என்பதுதான் எங்கள் நம்பிக்கையின் அஸ்திவாரம். தேவதூதர்கள் வரமாட்டார்கள் என்று நாங்கள் சொல்லவே முடியாது. சொன்னால் உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டின கதைதான். அதனால், வந்தது யார் என்று கண்டுபிடிக்க ஒரு வழியையும் சேர்த்தே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

வழி சுலபம். வந்தவரிடம் கையை நீட்ட வேண்டும். உயிர்த்தெழுந்த தேவதூதருக்கு எலும்பும் சதையும் உண்டு. அவர் கை கொடுப்பார், அது நம் கையில் தெரியும். செத்துப்போய் இன்னும் உயிர்த்தெழாத நல்ல ஆத்மா என்றால் அசையாமல் நிற்கும், கை கொடுக்காது. இல்லாத உடம்பை இருப்பதாகக் காட்டினால் அது பொய் அல்லவா. சொல்ல வந்ததை மட்டும் சொல்லிவிட்டுப் போகும். மூன்றாவது, வெளிச்சத்தின் தூதன் மாதிரி வேஷம் போட்டு வருகிற பிசாசு. அதற்குச் சும்மா நிற்கத் தெரியாது. நீட்டின உடனே கை கொடுத்துவிடும், ஆனால் நம் கையில் ஒன்றுமே தெரியாது.

"பெத்த பொண்ணுகிட்ட அடையாள அட்டையா கேக்கச் சொல்றீங்க?" என்றாள் என் மனைவி. தலையணை உறைகளை இரண்டு கையாலும் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாங்கள் ஒரு சலவைக்கூடம் நடத்துகிறோம். ஹோட்டல்களிலிருந்து படுக்கை விரிப்பும் துண்டும் மூட்டை மூட்டையாக வரும். கீழே மெஷின்கள், மாடியில் வீடு. முன்பக்கம் நீராவியில் சூடாகிச் சுழலும் பெரிய இஸ்திரி ரோலர். பின்பக்கம் உலர்த்தும் அறை. ட்ரையரில் போட்டால் சுருங்கிவிடும் நல்ல விரிப்புகளை அங்கே கொடியில் வரிசையாகப் போடுவோம். எனக்குத் தெரிந்த உலகம் இவ்வளவுதான். வெள்ளையைப் பார்த்து நான் மயங்குகிறவனில்லை. சரியாகத் துவைக்காத துணியையும் நீலம் போட்டுப் பளீரென்று காட்டிவிடலாம், அந்த வித்தை இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும்.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, நேராக இழுத்து, ஒருத்தரை நோக்கி ஒருத்தர் நடந்து வரவேண்டும். கையும் கையும் தொடும் இடத்தில் ஒருத்தர் தன் முனைகளை மற்றவரிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து மடிப்பை எடுப்பார். பெரியவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளும் அம்மாவும்தான் மடிப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், பேச்சும் நிற்காது, கையும் நிற்காது. அவள் போனபிறகு அந்த முனைக்கு நான் வந்தேன். என் உயரமும் நடையும் ஒத்துவராமல் தினமும் திட்டு வாங்கினேன்.

உலர்த்தும் அறையில்தான் பெரியவள் வருகிறாளாம். மத்தியானம் என் மனைவி காய்ந்த விரிப்புகளை எடுக்கப் போகும்போது வரிசையின் கடைசியில் நிற்பாளாம். ஒருநாள் நானும் கதவோரம் நின்று பார்த்தேன். விரிப்புகளைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. மனைவி ஒரு பெரிய விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபக்கம் மேஜைமேல் கிடந்தது. தனியாக மடிக்கிறவர்கள் மேஜைக்கு நடந்து போய் அந்த முனையை எடுப்பார்கள். அவள் போகவில்லை. நின்ற இடத்திலேயே காத்திருந்தாள். ஏதோ கேட்டாள், பதில் வரும் அளவுக்குச் சும்மா இருந்தாள், பிறகு சிரித்தாள். மின்விசிறி ஓடவில்லை, ஜன்னலும் சாத்தியிருந்தது. அவளுக்கு எதிரே தொங்கிய ஒரு விரிப்பு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

செய்திகளும் வர ஆரம்பித்தன. பின்பக்க ஷட்டரின் சாவி தொலைந்து நான் வீட்டையே புரட்டிப் போட்டிருந்தேன். ஹோட்டலுக்குக் கட்டி வைத்த மூட்டையில் ஒரு தலையணை உறைக்குள் இருக்கிறது என்று பெரியவள் சொன்னாளாம். இருந்தது. இன்னொரு நாள் என் மனைவி ஓடி வந்து, "இன்னைக்கு ரோலர்கிட்ட நிக்காதீங்க" என்றாள். கிண்டல் பண்ணிக்கொண்டேதான் தள்ளி நின்றேன். சாயங்காலத்துக்குள் ரோலரின் பெல்ட் அறுந்து, நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் சாட்டை மாதிரி சுவரில் அடித்தது. சுண்ணாம்பு பெயர்ந்த தழும்பு இன்னும் அங்கே இருக்கிறது.

அதற்கப்புறம் நானும் நம்பிவிட்டேன். நம்ப ஆசைப்பட்டேன் என்று சொன்னால் இன்னும் சரி.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?" என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"கேட்டா. அப்பா ஏன் உள்ள வரமாட்டேங்கறார்னு கேட்டா."

சந்தோஷப்பட வேண்டிய வார்த்தைதான் அது. ஆனாலும் நான் போகவில்லை.

சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிப்பது என்பார்களே, அந்தப் பெரிய மீன் எங்கள் சின்னவன் என்று அப்போது தெரியாது. சின்னவன் பெரியவளின் தம்பி, எட்டு வயது, வாயாடி. பெரியவளைக் கொண்டுபோனது சர்க்கரை வியாதி. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், இளைத்துப்போனாள். வெயில் என்றோம், பரீட்சை பயம் என்றோம். ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் வியாதியின் பெயரைச் சொல்லும்போது நேரம் கடந்திருந்தது. அதே வியாதி சின்னவனுக்கும் வந்தபோது முதல் சொம்புத் தண்ணீரிலேயே கண்டுபிடித்துவிட்டோம். தினமும் இன்சுலின் ஊசி போட்டால் ஓடி ஆடுவான். போடாவிட்டால் அக்கா போன வழிதான்.

ஒருநாள் காலை சாப்பாட்டு மேஜையில் என் மனைவி சாதாரணமாகச் சொன்னாள்.

"சின்னவனுக்கு இனிமே ஊசி வேண்டாமாம். அவனுக்குச் சரியாயிடுச்சாம்."

"யாரு சொன்னது?"

"அவதான்."

"நீ கை நீட்டிக் கேட்டியா?"

அவள் இரண்டு கைகளையும் ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டாள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை நாளாக இவள் கை சும்மா இருந்து நான் பார்க்கவே இல்லை. உலர்த்தும் அறைக்குப் போகும்போதெல்லாம் கூடையோ, கிளிப் டப்பாவோ, துணிக்குவியலோ இரண்டு கையிலும் இருக்கும். சண்டை போட்டேன். அவள் சரி என்று தலையாட்டினாள். அதை நம்பி வெளியூர் ஹோட்டலுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய், ராத்திரி அங்கேயே தங்கிவிட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் திரும்பி வந்தபோது சின்னவன் துவைக்கும் இடத்துக் குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். நிறுத்தினான், மூச்சு வாங்கினான், திரும்பக் குடித்தான். ஒரு பிள்ளை தண்ணீர் குடிப்பதைப் பார்த்து, கையிலிருந்த மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். விரலில் குத்திச் சோதித்தேன். கருவியில் எண்ணே வரவில்லை, அளவு மீறிவிட்டது என்ற எழுத்து மட்டும் வந்தது. குளிர்ப்பெட்டியில் இன்சுலின் இல்லை. என் மனைவி அதைக் கொதிநீர் மெஷினில் போட்டிருந்தாள், துண்டுகளோடு சுற்றிக்கொண்டிருந்தது.

அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நல்ல வேளை, பிழைத்தான்.

அவன் அங்கே இருக்கும்போதே எங்கள் சபையின் கிளைத் தலைவரைத் தேடிப் போனேன். எங்களிடம் சம்பளம் வாங்கும் போதகர் கிடையாது. தலைவர் பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக், என்னைவிட வயதில் சின்னவர். ஆராதனைக்கு நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் மூன்றாம் மாடியில் லிஃப்ட் ஓடாது, அது சபையில் தீராத நகைச்சுவை. அவரை ஒரு கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் பிடித்தேன். கிரீஸ் கையோடு கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நாம நோயாளி தலையில எண்ணெய் வச்சு ஜெபம் பண்றோம். பண்ணிட்டு நாமே வண்டி ஓட்டி ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போறோம். அது ரெண்டுக்கும் நடுவுல சண்டை மூட்டி விடற குரல் எங்கேருந்து வருதுன்னு எனக்குச் சந்தேகம்தான் அண்ணே."

"அப்ப நீங்களே வந்து அவகிட்டச் சொல்லுங்க."

"சொன்னா என் பேச்சுதானே அது? பெத்த பொண்ணு குரலுக்கு முன்னாடி என் பேச்சு எடுபடுமா? யார்கிட்ட வந்துச்சோ அவங்கதான் கை நீட்டணும்." கையைத் துணியில் துடைத்தார். "அவங்களுக்கு இந்தப் போதனை தெரியும். தெரிஞ்சும் நீட்டலைன்னா ஏன்னு யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. கோபம்தான் பட்டிருந்தேன்.

சின்னவனைப் பிறகு வீட்டுக்குக் கூட்டிவந்தோம். மாடியில் படுக்க வைத்தேன். அன்றைய ஊசிக்கு நேரம் நெருங்கும்போது குளிர்ப்பெட்டியைத் திறந்தால் புது மருந்து இல்லை. கீழே ஓடினேன். என் மனைவி ரோலர் பக்கத்தில் நின்றிருந்தாள். வலது கை ஏப்ரன் பைக்குள் எதையோ இறுகப் பிடித்திருந்தது.

"கொடும்மா" என்றேன்.

"இன்னைக்குக் காலைலயும் வந்தா." அவள் குரல் வற்றியிருந்தது. "இந்த ஊசியும் வேண்டாம்னா. தூங்கட்டும், தூக்கத்திலேயே அவனை என்கிட்ட அனுப்பிடு, நான் பாத்துக்கறேன்னா."

"நம்ம பொண்ணு அப்படிக் கேப்பாளா?" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? எனக்கு முதல் நாளே தெரியும்ங்க." அவள் அழவில்லை. "முதல் நாளே அவ கையை நீட்டிக்கிட்டுத்தான் நின்னா. வா வான்னு கூப்பிடற மாதிரி. நான்தான் கை ஈரமா இருக்கு கண்ணுன்னு சொல்லி ஏப்ரன்ல துடைச்சுக்கிட்டே இருந்தேன். தினமும் எதையாவது கையில வச்சுக்கிட்டுப் போனேன். நீட்டினா முடிஞ்சுபோயிடும். நல்லவளா இருந்தா தரமாட்டா. தந்தா அவ இல்ல. ரெண்டுலயும் எனக்கு என் பொண்ணோட கை இல்ல."

இத்தனை நாள் நான் கேட்ட கேள்வி எவ்வளவு கொடுமை என்று அப்போதுதான் புரிந்தது. அவளை அணைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மாடியில் சின்னவன் இருமினான்.

"அவன் கை இருக்கும்மா" என்றேன். "இன்னும் சூடா இருக்கு. அது போயிடக் கூடாது."

அவள் உலர்த்தும் அறையைப் பார்த்தாள். "நீங்களும் வாங்க. அந்த முனையைப் பிடிச்சுக்கங்க. தனியா நிக்கப் பயமா இருக்கு."

கொடியிலிருந்து ஒரு பெரிய விரிப்பை எடுத்தோம். ஆளுக்கு இரண்டு முனை. உதறினோம், இழுத்தோம். ஜன்னல் வழியாக மத்தியான வெயில் தாராளமாக விழுந்தது. இருட்டாவது இருந்திருந்தால் பயத்துக்கு ஒரு சாக்கு இருந்திருக்கும்.

"வந்துட்டா" என்றாள்.

"எங்க?"

"உங்க பின்னால."

நான் திரும்பவில்லை. கழுத்துக்குப் பின்னால், துவைத்துப் பிழியாத துணி அருகில் தொங்கினால் வருமே ஒரு குளிர், அது வந்தது. என் மனைவி விரிப்பை முன்னால் பிடித்தபடி என்னை நோக்கி நடந்து வந்தாள். வழக்கமாக எங்கள் கைகள் தொடும் இடத்தில் நின்றாள். வலது கையில் இருந்த முனையை விட்டுவிட்டு, என் தோளுக்கு மேலே அந்தக் கையை நீட்டினாள்.

"கண்ணு, அம்மாவுக்குக் கை கொடு."

அவள் விரல்கள் மெதுவாக மூடிக்கொண்டன. முழுதாக மூடவில்லை. பதினான்கு வயதுப் பெண்ணின் கை அளவுக்கு உள்ளே இடம் விட்டு நின்றன. என்னால் அவள் முகத்தை மட்டும்தான் பார்க்க முடிந்தது. முதலில் அதில் வந்த ஆசையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"கொடுத்துட்டா" என்றாள். "பிடிச்சிருக்கா. அவ விரல்தான். கட்டை விரல்ல ரோலர் சுட்ட தழும்பு கூட இருக்கு." நிறுத்தினாள். "ஆனா ஒண்ணும் இல்லங்க. சூடும் இல்ல, குளிரும் இல்ல. என் கையில ஒண்ணுமே இல்ல."

பிறகு அவள் முகம் மாறியது.

"சிரிக்கறா. அது அவ சிரிப்பு இல்ல."

என் மகள் முகத்தில் வேறு யாரோ சிரிப்பதை என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். கையை மட்டும் இழுக்கவில்லை. கிறிஸ்துவின் பெயரைச் சொல்லி, போ என்றாள். அடிக்குரலில், கறிவேப்பிலைக்காரனை வேண்டாமென்று அனுப்புகிற மாதிரிதான் சொன்னாள். அவள் விட்ட விரிப்பு முனை அதுவரை தரையைத் தொட்டிருக்கவில்லை என்று எனக்கு இன்றும் ஒரு எண்ணம். அப்போதுதான் அது கீழே விழுந்தது.

அவள் ஏப்ரன் பையிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்தாள். மருந்து சீராகக் கலக்க, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டிக்கொண்டே படியேறினாள். நான் கீழேயே நின்றேன்.

"வலிக்கும்மா" என்று சின்னவன் சிணுங்குவது கேட்டது.

"வலிக்கட்டும்டா. வலிச்சா நல்லதுதான்."

அதற்கப்புறம் உலர்த்தும் அறையில் எதுவும் வரவில்லை. அவளும் வெறுங்கையோடு போய்வரப் பழகிவிட்டாள். பெரியவளைப் பற்றிப் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். கண்ணாலும் பார்த்து, குரலும் கேட்டு, கடைசியில் தானே துரத்தியும் விட்டதால், எங்கள் மகள் இரண்டாம் தடவை செத்த மாதிரி ஆகிவிட்டது. நித்தியத்துக்கும் நாம் ஒரே குடும்பம், அவள் நமக்குக் கிடைப்பாள் என்று சபையில் சொல்லும்போது குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மழைக்காலம் முடிந்து ஒரு காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு, முதல் நாள் போட்ட துணி காய்ந்ததா என்று பார்க்கப் போனேன். வரிசையின் கடைசியில் பெரியவள் நின்றிருந்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாட்டிக்கொள்ளும் அதே ஏப்ரன். கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கின. சுற்றிலும் விரிப்புகள் ஈரக் கனத்தில் அசையாமல் தொங்கின, அவளும் அசையவில்லை. ஓடிவிடலாம் என்றுதான் உடம்பு சொன்னது. பெல்ட் அடித்த சுவர் நினைவுக்கு வந்தது. மாடியில் தூங்கும் சின்னவன் நினைவுக்கு வந்தான். கேட்டாக வேண்டும். என் கை மரத்துப்போனது போலக் கனத்தது. நீட்டினேன்.

கொடுத்துவிடாதே கண்ணு என்று வேண்டிக்கொண்டேன். ஒரே ஒரு தடவை கொடுத்துவிடேன் என்றும் வேண்டிக்கொண்டேன். இரண்டையும் ஒரே மூச்சில் வேண்டியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை, விரல்கூட அசையவில்லை. கையை நீட்டியபடியே வெகுநேரம் நின்றேன். கண் மறைக்கிறதே என்று துடைத்துவிட்டுப் பார்த்தால் சுவர்தான் இருந்தது.

முன்பக்கம் வந்தேன். என் மனைவி ரோலரைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் விசையை அணைத்தாள்.

"வந்தாளா?"

தலையாட்டினேன்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"கொடுத்தாளா?"

"கொடுக்கல. அப்படியே நின்னா."

அவள் துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள். ஒரு வருடத்துக்கும் மேலாக அழாதவள், இரண்டு வெறுங்கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"நல்ல பொண்ணு" என்றாள். "நல்ல பொண்ணு."